திரையில் இருந்தது வெறும் 3

நான்கு வருடங்களுக்கு முன்பு, புரட்டாசிக் கடைசியில், புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தது இது. அன்றிலிருந்து இன்றுவரை இதை யாரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் தலைக்கேறிவிடும். முதலில் மற்றவர்களைத் திட்டுவேன், அப்புறம் என்னை நானே திட்டிக்கொள்வேன், கதை பாதியில் நின்றுவிடும். எழுதினால் குறுக்கே யாரும் சமாதானம் சொல்ல வரமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் புரோகிராம் எழுதுகிறேன். பாத்திரக்கடைக்கு மேலே ஒரு மாடி, ஐந்து கம்ப்யூட்டர், என்னோடு சேர்த்து மூன்று பெண்கள், ஒரு முதலாளி. அவ்வளவுதான் நிறுவனம். பெங்களூருக்குப் போய்ச் செய்கிற வேலையை இங்கே இருந்தே செய்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நான் எழுதும் புரோகிராம் பார்ப்பதற்கே அழகாக இருக்க வேண்டும், ஒரு வரி முன்பின் இருக்கக் கூடாது என்பேன். வீட்டில் சமையலறை டப்பாக்களைக்கூட உயரவாரியாகத்தான் அடுக்குவேன். கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள். இந்தக் குணம்தான் வினையாகப் போனது.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு புது வேலை வந்தது. விவசாயிகளுக்கு டிராக்டரும் விதைப்பு மெஷினும் வாடகைக்கு விடுகிற ஒரு தனியார் நிறுவனம், சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களில் மையம் வைத்திருந்தது. மையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், மளிகைக் கடையில் பில் அடிப்பார்களே, அந்த மாதிரி ஒரு குட்டிப் பிரிண்டர், ஒரு பணியாளர். விவசாயி வந்து பதிந்துவிட்டுப் போக வேண்டும். அதற்குப் பிறகு எப்போது வந்து கேட்டாலும், அவருடைய வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு சீட்டு அடித்துக் கொடுப்பார்கள்.

கரிசல் காட்டில் விதைப்பு என்பது மழையை முந்திக்கொண்டு செய்கிற வேலை. எல்லாம் மானாவாரி. காய்ந்த மண்ணிலேயே விதையைப் போட்டு மூடிவிட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டும். மழை முந்திக்கொண்டால் மண் களியாகிவிடும். ஆளே கால் வைக்க முடியாது, டிராக்டர் எங்கே இறங்குவது? அதனால் அந்தச் சில நாட்களில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும். சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் விதையை வெளியே எடுப்பார்கள்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். புரோகிராமில் ஒரு வேலையின் நிலைகளுக்குப் பெயர் வைத்து வரிசையாக எழுதுவோம். பதிவானது, ஏற்கப்பட்டது, வண்டி ஒதுக்கியாயிற்று, வண்டி கிளம்பிவிட்டது, விதைப்பு முடிந்தது, இப்படி. எழுதுகிற எனக்குத்தான் அவை பெயர்கள். கம்ப்யூட்டர் உள்ளுக்குள் அவற்றைப் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் வைத்துக்கொள்ளும். நான் பயன்படுத்திய மொழியில், நிலையை அச்சடி என்று சும்மா சொன்னால் அந்த எண்தான் வரும். பெயர் வர வேண்டுமானால், இந்த எண்ணுக்கு இந்தப் பெயரைப் போடு என்று தனியாகச் சில வரிகள் எழுத வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. டீ ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடலாம்.

நான் எழுதவில்லை. சோதனைக்கு அடித்த முதல் சீட்டில் 'நிலை: 2' என்று வந்தது. முதலாளியிடம் காட்டினேன். "நம்பரே போதும்மா. எந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு ஒரு பேப்பர்ல அடிச்சிக் குடுத்துருவோம், செவுத்துல ஒட்டிக்கிடட்டும். அடுத்த வேலையப் பாருங்க" என்றார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பட்டியலை நானே தட்டச்சு செய்து எல்லா மையங்களுக்கும் அனுப்பினேன்.

விதைப்புக் காலம் தொடங்கி வண்டிகள் ஓட ஆரம்பித்த பிறகு, வாடகை நிறுவனம் ஒரு மாற்றம் கேட்டது. ஒதுக்கிய வண்டி பழுதாகிவிட்டால் பதிவை நிறுத்தி வைத்து, 'வேறு வண்டி அனுப்பலாமா' என்று விவசாயியைக் கேட்க வேண்டும். வேறு வண்டி என்றால் நேரம் மாறும், மெஷினின் அகலம் மாறும், அதனால் அவருடைய சம்மதம் தேவை. அவர் சரி என்றதும் மையத்தில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பக்கத்து ஊரில் இருந்து வேறு வண்டி வந்துவிடும். நல்ல யோசனைதான். இதற்கு ஒரு புதிய நிலை வேண்டியிருந்தது.

அதை வரிசையின் கடைசியில் சேர்த்திருந்தால் ஒரு தொந்தரவும் வந்திருக்காது. ஆனால் அது ஒழுங்காக இருக்காதே! வண்டி ஒதுக்குவதற்கும் கிளம்புவதற்கும் நடுவில் நடக்கிற விஷயம் நடுவில்தானே இருக்க வேண்டும் என்று அங்கேயே நுழைத்தேன். 3 என்ற எண் இந்தப் புதிய நிலைக்குப் போனது. அதுவரை 3 ஆக இருந்த 'வண்டி கிளம்பிவிட்டது' 4 ஆனது. ஏற்கெனவே பதிவாகியிருந்த தகவல்களை ஒன்று விடாமல் புதிய எண்களுக்கு மாற்றினேன். கம்ப்யூட்டர் குழம்பிவிடக் கூடாது என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சரிபார்த்தேன். சுவரில் ஒட்டிய பட்டியல் என் நினைவுக்கே வரவில்லை. மெஷினுக்கு அத்தனை அக்கறையாகச் சொன்னவள் மனிதர்களுக்குச் சொல்லவில்லை.

மாற்றம் போய்ச் சேர்ந்த நான்காம் நாள், அந்தக் கிராமத்து மையத்தில் பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று என்னை அனுப்பினார்கள். ஸ்கூட்டரில் போய்ச் சேரும்போது காலை ஒன்பது மணி. அங்கே இருந்த பணியாளருக்கு ஐம்பது வயது இருக்கும். தீப்பெட்டி ஆலையில் எழுத்து வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். நான் அனுப்பிய பட்டியலைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, தன் கண்ணுக்கு நேராகச் சுவரில் ஒட்டியிருந்தார். அவ்வளவு பொறுப்பான மனிதர்.

நான் மேஜைக்கு அடியில் குனிந்து ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். முந்தின நாள் சீட்டில் 2 என்று வந்து, வண்டி ஒதுக்கியாயிற்று என்று பணியாளர் சொன்னதும், உளுந்து விதையைக் கஞ்சியில் உரம் கலந்து பிசறி நிழலில் உலர்த்தி வைத்துவிட்டாராம். அப்படித் தயார் செய்த விதையை ஒரு நாளைக்குள் மண்ணில் போட்டாக வேண்டும். நாலு ஏக்கர். கணவர் கேரளாவில் கட்டட வேலையில் இருந்தார். தீப்பெட்டி ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு இவர் ஒற்றை ஆளாக நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, விடியக் கருக்கல்ல இருந்து வரப்புல நிக்கேன். வண்டியக் காணோமே."

பணியாளர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். பிரிண்டர் ஓடாததால் திரையைப் பார்த்துச் சொன்னார். திரையிலும் அதே எண்தான் வரும். சுவரைப் பார்த்தார். "மூணுன்னு காட்டுது தாயி. வண்டி கெளம்பிட்டு. அங்கன போயி நில்லுங்க, வந்துரும்."

அந்தப் பெண் போய்விட்டார். காடு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். நடந்துதான் போக வேண்டும்.

பதினொன்றரைக்குத் திரும்ப வந்தார். முகமெல்லாம் வேர்வை. மேற்கே லேசாக இருட்டத் தொடங்கியிருந்தது. பணியாளர் மறுபடியும் தட்டினார், மறுபடியும் சுவரைப் பார்த்தார். "அதே மூணுதான் தாயி. வழியில எங்கயோ நிக்கான் போல." அந்தப் பெண் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் கையில் திருப்புளியோடு, தலையைக்கூடச் சரியாக நிமிர்த்தாமல், "சிஸ்டத்துல வந்தா சரியாத்தான் இருக்கும்க்கா. நீங்க போங்க, வண்டி வந்துரும்" என்றேன்.

அந்தத் திரையை எட்டிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நான் எழுதியது தப்பாக இருக்காது என்று அவ்வளவு நிச்சயம். இதை எழுதும்போதுகூட என் கன்னத்தில் நானே அறைய வேண்டும்போல இருக்கிறது.

ஒரு மணிக்கு மேல் பிரிண்டர் சரியானது. கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். பணியாளர் கொஞ்சம் தயங்கி, "ஏம்மா, நாலு நாளா ஸ்க்ரீன்ல ஓரமா ஒரு பொத்தான் நிக்குதே, அது என்னத்துக்கு? அமுக்கினா எதுவும் ஆயிருமோன்னு தொடாம வச்சிருக்கேன்" என்றார். நான் பெருமையாக விளக்க ஆரம்பித்தேன். வண்டி பழுதானால் பதிவு நின்றுவிடும், விவசாயியிடம் சம்மதம் கேட்டு இதை அழுத்த வேண்டும், அழுத்தும்வரை நிலை 3 என்று காட்டும் என்றேன். அந்த 3 வாயில் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சுவரைத் திரும்பிப் பார்த்தேன். 3, வண்டி கிளம்பிவிட்டது. நான் அடித்த எழுத்து.

வண்டி கிளம்பிய பிறகு யாரும் மையத்துக்கு வந்து கேட்பதில்லை, அதனால் அந்த நான்கு நாளும் எண் மாறியது யார் கண்ணிலும் படவில்லை. வண்டி கிளம்பவே இல்லை. காலையிலேயே பழுதாகி நின்றிருக்கிறது. கம்ப்யூட்டர் காலையிலிருந்து அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவர் இரண்டு முறை எங்கள் முன்னால் வந்து நின்றிருக்கிறார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாங்கள் இரண்டு பேரும் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

பணியாளர் அவசரமாக அந்தப் பெண்ணைப் போனில் அழைத்தார். "தாயி, ஒங்க வண்டி ரிப்பேராம். வேற வண்டி அனுப்பட்டுமா?" மறுமுனையில் அவர் குரல் எனக்கே கேட்டது. "இதக் காலைலயே கேட்ருக்கலாம்லா? அனுப்புங்க."

பொத்தானை நான்தான் அழுத்தினேன். பக்கத்து ஊரில் ஒரு வண்டி இருந்தது. பாதியில் இருந்த வேலையை முடித்துவிட்டு அது வந்து சேர மூன்று மணிக்கு மேல் ஆயிற்று. நான் கோவில்பட்டிக்குத் திரும்பாமல் ஸ்கூட்டரை நேரே காட்டுக்கு விட்டேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. மாடிக்குப் போய் ஏசிக்கு அடியில் உட்கார மனசு வரவில்லை.

மேற்கே வானம் கறுத்து மின்னிக்கொண்டிருந்தது. டிராக்டர் ஒரு முனையில் இறங்கி மறுமுனைக்குப் போய்த் திரும்பி வரும். அந்தப் பெண் வரப்பில் நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் விதைப் பெட்டியை நிரப்பிக் கொடுப்பார். நானும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாளியைத் தூக்கினேன். ஓட்டுநர் வானத்தைப் பார்ப்பார், நாங்கள் இருவரும் டிராக்டரைப் பார்ப்போம். ஒன்றரை ஏக்கர் தாண்டியது. இரண்டாவது ஏக்கரின் கடைசிச் சால் முடியும்போது முதல் தூறல் விழுந்தது. அப்புறம் சடசடவென்று பிடித்துக்கொண்டது. ஓட்டுநர் வண்டியைத் தார் ரோட்டுக்கு ஏற்றிவிட்டு, "இனி உள்ள எறக்கினா வண்டி அங்கனயே கெடந்துரும்க்கா" என்று கையை விரித்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கரிசலில் மழை விழுந்தால் எல்லோருக்கும் சந்தோஷம் வரும். அன்று அந்த மழையை நின்று வெறுத்தவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். மீதி இரண்டு ஏக்கருக்கு வைத்திருந்த விதை மூட்டையை ஒரு தார்ப்பாய்க்கு அடியில் இழுத்துப் போட்டு, பக்கத்தில் நனைந்தபடி நின்றோம். பிசறிய விதை. இனி முளைக்கப் போட இடமும் இல்லை, உலையில் போடவும் முடியாது.

அங்கேயே சொல்லிவிட்டேன். "அக்கா, அந்த புரோகிராமை எழுதினது நான்தான். பட்டியல மாத்திக் குடுக்க மறந்துட்டேன். அண்ணாச்சி மேல தப்பு இல்ல."

அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. அவருக்கு வந்த கோபத்தைப் பார்த்து நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"பட்டியல் எதுக்கு? வண்டி ரிப்பேரு, வேற வண்டி வேணுமா, இத அப்படியே எழுத ஒங்களுக்கு எழுத்துக்கா பஞ்சம்? நான் பத்தாப்பு படிச்சிருக்கேன். தமிழு வாசிப்பேன். எனக்குப் புரியுத மாதிரி எழுதுனா ஒங்களுக்கு என்ன கொறஞ்சிரும்? வந்து வந்து நிக்கேன், மூணு மூணுங்கீங்க. மூணுன்னா என்னன்னு நான் செவுத்தப் பாக்கணுமா, ஒங்க மூஞ்சியப் பாக்கணுமா?"

ஸ்கூட்டரில் கொண்டுபோய் வீட்டில் விடுகிறேன் என்றேன். "வேண்டாம், நடந்து பழக்கம்தான்" என்று மழையிலேயே போய்விட்டார்.

என் கோபத்தின் அடுத்த பாதி மறுநாள் ஆரம்பித்தது. அந்தப் பெண் வாடகை நிறுவனத்தில் புகார் கொடுத்திருந்தார். விளக்கம் கேட்டு எங்களுக்குக் கடிதம் வந்தது. முதலாளி என்னை அழைத்து, உட்கார வைத்து, தான் சொல்லச் சொல்லப் பதிலை எழுதச் சொன்னார். எங்கள் மென்பொருள் சம்பந்தப்பட்ட நாள் முழுவதும் சரியான நிலையையே காட்டியது. மையப் பணியாளர் பழைய பட்டியலைப் பார்த்துத் தவறான தகவல் கொடுத்துவிட்டார். இவ்வளவுதான் கடிதம்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மென்பொருள் சரியாகத்தான் காட்டியது. யாருக்கு? அதை எழுதிய எனக்கு! எனக்கு மட்டும் புரிகிற சங்கதியை ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, புரியாதவர் மேல் பழியைப் போடுவது எந்த ஊர் நியாயம்? அதுவும் பழி போய் விழுவது, நான் கொடுத்த காகிதத்தைக் கிழியாமல் உறை போட்டு வைத்த மனிதர் மேல். காலையில்தான் அவர் போன் பண்ணியிருந்தார். "ஏம்மா, என்ன வேலைய விட்டு எடுத்துருவாங்களோ?" என்று அந்த வயதில் என்னிடம் கேட்கிறார்.

எழுத மாட்டேன் என்றேன். முதலாளிக்கு நம்ப முடியவில்லை. "ஒரு நம்பருக்கா இந்தப் பாடு? உலகம் பூராம் நம்பர்லதான் ஓடுது. நீங்க சின்ன விஷயத்தப் பெருசாக்குதீங்க" என்றார். சின்ன விஷயமா? இரண்டு ஏக்கர் தரிசாகக் கிடக்கப் போவது சின்ன விஷயமா? நானும் குரலை உயர்த்திவிட்டேன். கீழே பாத்திரக்கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

என் பெயரில் நானே ஒரு கடிதம் எழுதி வாடகை நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பினேன். நிலையின் பெயரை அச்சடிக்காமல் எண்ணை அச்சடித்தது என் சோம்பல், எண்களை மாற்றியது நான், மாற்றியதைச் சொல்லாதது நான், பணியாளர் மேல் தவறு இல்லை என்று எழுதினேன். அவர் வேலை தப்பியது. அந்த மட்டும் ஆறுதல். முதலாளி ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை விட்டு அனுப்பியிருப்பார். அந்தப் புரோகிராம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்பதால் தப்பித்தேன்.

அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் போனது தெரியுமா? மழை இயற்கையின் செயல், அதற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று இரண்டு வரி. மையத்துக்கு வந்த அந்தக் கடிதத்தின் நகலைப் பணியாளர் என்னிடம் காட்டியபோது, அதைக் கிழித்து, அனுப்பியவர் மூஞ்சியில் எறிய வேண்டும் என்று இருந்தது. மழை என்ன செய்யும்? அது எப்போதும்போல மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது. நாங்கள்தான் காலை முழுவதையும் தின்று தீர்த்தோம்.

அந்த வருடம் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருந்தது. அவருடைய மீதி இரண்டு ஏக்கர் காயவே இல்லை. பிந்தி அதில் கொத்தமல்லி விதைத்துப் பார்த்தாராம், சரியாக வரவில்லை. தையில் ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். ஒரு பாதியில் உளுந்து பறித்து முடித்திருந்தார்கள். மறுபாதியில் களைதான் மண்டிக் கிடந்தது. வண்டியை நிறுத்தாமல் வந்துவிட்டேன். நின்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பெயரை அச்சடிக்கும் வரிகளை, அந்த மழை நாளில் வீட்டுக்கு வந்ததுமே, தலையைக்கூடத் துவட்டாமல் எழுதி முடித்துவிட்டேன். எண்ணி வைத்திருக்கிறேன், மொத்தம் பதினான்கு வரி. அதற்குப் பிறகு நான் எழுதிய எதிலும், வெளியாள் கையில் போகிற காகிதத்தில் வெறும் எண் வந்ததில்லை. மற்றவர்கள் அடித்துக் கொடுக்கும் சீட்டிலும் விடுவதில்லை. ஆஸ்பத்திரியானாலும் அலுவலகமானாலும், புரியாத ஒரு எண்ணைப் போட்டு நீட்டினால், "இதற்கு என்ன அர்த்தம், அதை ஏன் எழுதவில்லை" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். என்னைச் சண்டைக்காரி என்றுகூடச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

'சரி' என்ற பதிலை வாயில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்து இரண்டு தடவை எதிரில் நின்ற ஒரு பெண்ணுக்கு, கேள்வியைப் படிக்க முடியாதபடி எழுதிவைத்தவள் நான் என்பதை என்னுடைய இந்தக் கோபம்தான் இன்றும் என்னை மறக்கவிடாமல் வைத்திருக்கிறது.